பழைய பேப்பர்காரரிடம் போன சரித்திரம்

போன டிசம்பரில் மூன்று வார லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் எனக்கு பெங்களூர் காக்ஸ் டவுன். "தமிழ்க்காரங்கதானே நீங்க, அப்புறம் எப்படி ஊரு பெங்களூரு?" என்று இங்கே எடிசனில் புதிதாக அறிமுகமாகும் எல்லோரும் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்தப் பதிவு ஒரு வகையில் அந்தக் கேள்விக்கான பதில். கொஞ்சம் நீளம்தான், காப்பி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் வீடு அப்பாவுக்கும் இரண்டு சித்தப்பாக்களுக்கும் பொது. இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டக் கொடுத்தாகிவிட்டது. பரணைக் காலி பண்ண நானும் கூட இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். நான் போய் இறங்கியது சனிக்கிழமை. சின்ன சித்தப்பா வியாழக்கிழமையே காலி பண்ணிவிட்டார்.

"அந்தப் பச்சை டிரங்குப் பெட்டி எங்கே சித்தப்பா?"

"பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேன்டா. பொட்டி இரும்பு, நல்ல வெல குடுத்தான். உள்ள இருந்ததெல்லாம் கிழிஞ்சு போன காயிதம்."

செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் ஓடினேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை. இரண்டு சாக்கில் ஒன்று முந்தின நாள் சாயந்திரமே லாரியில் போய்விட்டது. மிச்சம் இருந்த சாக்கைக் கொட்டித் தேடி, எங்கள் வீட்டுக் காகிதம் என்று தெரிந்ததையெல்லாம் பொறுக்கினேன். கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் வியாபாரம் வியாபாரம்தானே? தராசில் வைத்தார். நாலு கிலோ சொச்சம். எங்கள் குடும்பத்தின் சரித்திரத்தை நானே கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

என்ன இருந்தது? தாத்தாவின் ரேஷன் கார்டுகள் மூன்று. 1921இல் தொடங்கும் வீட்டு வாடகை ரசீதுகள். ஆம்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த தபால் கார்டுகள் ஒரு கட்டு. ஏழெட்டுக் கல்யாணப் பத்திரிகை. மொய் நோட்டு ஒன்று. தாத்தாவின் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்திலிருந்து வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம். பின்பக்கம் எதுவும் எழுதாத போட்டோக்கள் பதினொன்று.

சித்தப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாடா இது, கல்வெட்டா? இதப் போயி காசு குடுத்து வாங்கினு வந்துக்கிற!"

அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கல்வெட்டு என்றால் சரித்திரம், ரேஷன் கார்டு என்றால் குப்பை என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

*

முதலில் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. காக்ஸ் டவுனிலிருந்து அல்சூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தொம்மலூர். அங்கே சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1270ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் இரண்டு கதவு நிலைகளைக் கொடுத்ததைச் சொல்கிறது. இன்னொன்றில் ஒருவரும் அவர் மனைவியும் சேர்ந்து கோயிலுக்கு நிலம் எழுதி வைக்கிறார்கள். மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைத் தானம் கொடுத்ததைப் பேசுகிறது. பேகூரில் இருப்பது கன்னடக் கல்வெட்டு. அது கி.பி. 890 வாக்கில் நடந்த ‘பெங்களூர்ப் போர்’ பற்றிச் சொல்கிறது.

இந்த பேகூர்க் கல் ஒரு வேலை செய்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு கதை சொல்வார்கள். வீர பல்லாள ராஜா வேட்டைக்குப் போய் வழி தவறினார், ஒரு பாட்டி வேகவைத்த பயறு கொடுத்தாள், அதனால் ‘பெந்த காளூரு’, அதுவே பெங்களூர் ஆனது என்று. பல்லாளன் 12ஆம் நூற்றாண்டுக்காரர். அவருக்கு முந்நூறு வருஷம் முன்பே ஒரு கல்லில் ஊர்ப் பெயர் இருக்கிறது. பயறு வெந்த கதை அதோடு முடிந்தது. பாவம் பாட்டி :-)

இந்தக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவற்றை பி. எல். ரைஸ் என்ற அதிகாரி தேடிப் படித்து, 1905இல் ‘எபிகிராபியா கர்னாடிகா’ 9ஆம் தொகுதியாக வெளியிட்டார். அதற்கப்புறம் நூறு வருஷம். ஊர் வளர்ந்தது. ஏரி லே-அவுட் ஆனது, வயல் டெக் பார்க் ஆனது. 2017 வாக்கில், என்னைப் போல் பொட்டி தட்டுகிறவர்களும் இன்ஜினியர்களுமாகச் சிலர் சேர்ந்து, ரைஸ் எழுதி வைத்த கற்கள் இன்றைக்கு எங்கே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேடக் கிளம்பினார்கள். பல கற்கள் காணவில்லை. சில கற்கள் துணி துவைக்கவும், சில கற்கள் சாக்கடை மேல் பாலமாகவும் இருந்தன. ஹெப்பாளில் கிட்டய்யா என்ற வீரனுக்கு 8ஆம் நூற்றாண்டில் எடுத்த கன்னட நடுகல்லை மீட்டு, ஜனங்களே காசு போட்டு மண்டபம் கட்டினார்கள்.

2021இல் இந்த வேலை அடுத்த கட்டத்துக்குப் போனது. 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்ய ஆரம்பித்தது. பழைய முறை என்னவென்றால், கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவது. மைப்படி என்பார்கள். நல்ல முறைதான், ஆனால் தேய்ந்த கல் என்றால் கஷ்டம். புது முறையில் ஸ்கேனர் கல்லின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அளந்து கம்ப்யூட்டரில் அதே கல்லை உண்டாக்குகிறது. அதன் மேல் வெளிச்சத்தை எந்தப் பக்கத்திலிருந்தும் விழ வைக்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்த எழுத்துகூட நிழல் விழும்போது எழுந்து வரும். நியூ ஜெர்சியில் பனி கொட்டும் ராத்திரியில் உட்கார்ந்து பெங்களூர்க் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது என்ன ஒரு அனுபவம் தெரியுமா? நாளைக்கு அந்தக் கல்லை யாராவது அஸ்திவாரத்தில் போட்டுப் புதைத்தாலும், படித்து முடிக்க இது இருக்கும்.

இது கருவி மாறிய கதை. எனக்கு இதைவிடப் பெரிசாகத் தெரிவது, கேள்வி மாறிய கதை.

நொபுரு கராஷிமா என்று ஜப்பானியப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். 2015இல் காலமானார். சோழர் காலம் என்றால் எந்த ராஜா எந்தப் போரில் ஜெயித்தான் என்றுதான் அதுவரை பலரும் தேடினார்கள். இவர் 1966இல் திருச்சிப் பக்கம் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, இங்கே நிலத்தை விற்றது யார் என்று மட்டும் கேட்டார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் ஆட்கள் தனித்தனியாகத் தங்கள் நிலத்தை விற்கிறார்கள். அல்லூரில் ‘ஊர்’ என்கிற கூட்டமே சேர்ந்து விற்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர், நிலம் வைத்திருக்கும் முறை வேறு வேறு. அப்புறம் அவரும் எ. சுப்பராயலுவும் மட்சுயியும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் மனிதர் பெயர்களையெல்லாம் தொகுத்து 1978இல் அட்டவணை போட்டார்கள். தனியாகப் படித்தால் ஒரு கல்வெட்டு ஒரு தானத்தைச் சொல்லும். ஆயிரக்கணக்கில் அடுக்கி எண்ணினால், நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்று தெரியும். ஆபீசில் நாங்கள் டேட்டாபேஸில் பண்ணுகிற அதே வேலைதான்.

தொம்மலூர்க் கல்லையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். அந்த மனைவிக்கு நிலத்தில் என்ன உரிமை இருந்தது? ஏரியை வெட்டியது யார்? கரை உடைந்தால் மண் சுமந்தது யார்? ராஜா பெயர் முதல் வரியிலேயே வந்துவிடும். மண் சுமந்தவர் பெயர் கடைசி வரி வரைக்கும் வராது.

*

கல்லில் பெயர் வராதவர்களை என்ன செய்வது? இங்கேதான் காக்ஸ் டவுன் வருகிறது.

பெங்களூர் கன்டோன்மென்ட் 1809இல் ஏற்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பட்டாளத்தை இங்கே கொண்டு வந்தார்கள். பட்டாளத்தோடு சிப்பாய், சமையல்காரர், துணி வெளுப்பவர், கொத்தனார், வியாபாரி என்று வட ஆற்காட்டு ஜனம் வந்து சேர்ந்தது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்டுக்கு ரயில் விட்ட பிறகு வருவது இன்னும் சுலபமானது. 1898இல் பிளேக் வந்து பெங்களூரைப் புரட்டிப் போட்டது. நெருக்கடியான தெருக்களில் ஜனம் செத்ததைப் பார்த்துத்தான், அகலமான தெருவும் காற்றோட்டமுமாகப் புதுப் பேட்டைகளைத் திட்டம் போட்டுக் கட்டினார்கள். பிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன் எல்லாம் அப்படி வந்தவை. காக்ஸ் என்பவர் கன்டோன்மென்டில் கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர்.

தெருப் பெயரைப் பாருங்கள். அஸ்ஸாயி ரோடு. 1803இல் மராட்டியரோடு நடந்த அஸ்ஸாயி சண்டையின் பெயர். மீனி அவென்யூ. 1843இல் சிந்துவில் நடந்த மியானி சண்டையின் பெயர். இரண்டும் மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தோடு சம்பந்தப்பட்ட பெயர்கள். அந்தப் பட்டாளத்தின் தலைமையிடம் இன்றைக்கும் அல்சூரில்தான் இருக்கிறது. பட்டாளத்துக்காரர்களுக்குச் செல்லப் பெயரே ‘தம்பி’. சண்டைக்கு ரோடு இருக்கிறது, கலெக்டருக்குப் பேட்டையே இருக்கிறது. தம்பிக்கு? எங்கள் டிரங்குப் பெட்டி மாதிரி ஏதாவது பெட்டியில் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் உண்டு.

இப்படிப்பட்டவர்களின் சரித்திரத்தை எழுத முடியுமா என்று உலகம் முழுக்க யோசித்திருக்கிறார்கள். இத்தாலியில் கார்லோ கின்ஸ்பர்க் 1976இல் எழுதிய புத்தகத்தின் நாயகன் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு மாவு மில்காரன். சர்ச் விசாரணைக் காகிதங்களிலிருந்து அவன் மனசுக்குள் என்ன ஓடியது என்று எழுதினார். ரணஜித் குஹாவும் நண்பர்களும் 1982இல் தொடங்கிய ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ தொகுதிகள், போலீஸ் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தால் குடியானவனின் குரல் கேட்கும் என்று காட்டின. நம்ம ஆ. இரா. வேங்கடாசலபதி காப்பியை வைத்தே சரித்திரம் எழுதினார். ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற புத்தகம் 2000இல் வந்தது. பெங்களூரிலேயே ஜானகி நாயர், கோலார் தங்கவயல் தொழிலாளர்களையும் மில் தொழிலாளர்களையும் பற்றி 1998இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். தங்கவயலில் இறங்கியவர்களில் நம் ஜனம் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். 2001இல் அந்தச் சுரங்கமே மூடியாகிவிட்டது.

ஆக, ரேஷன் கார்டும் மொய் நோட்டும் சரித்திர ஆதாரம்தான் சித்தப்பா. படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

*

படிப்பது எப்படி என்பதற்கு எங்கள் வீட்டு உதாரணம்.

ஆயா இருந்தவரை, "நம்ம பிளேக் காலத்துல வந்தவங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதனால் 1898 என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். கொள்ளுத் தாத்தாவை வீட்டில் ‘பஸ்ரா தாத்தா’ என்பார்கள். சின்ன வயசில் அதை ஏதோ குலதெய்வத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் (ஹி ஹி). டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திறந்தால், அவர் முதல் உலகப் போரில் மெசபடோமியா போயிருக்கிறார். பஸ்ரா, இன்றைய இராக்! பட்டாளத்தை விட்டது 1920. காக்ஸ் டவுனில் முதல் வாடகை ரசீது 1921.

அப்படியானால் ஆயா பொய் சொன்னாளா? முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிளேக் 1898க்குப் பிறகும் பல வருஷம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 1918இல் இன்புளுயன்சா வேறு ஊரையே வாரிக்கொண்டு போனது. ஆயாவுக்கு அவள் மாமியார் சொன்ன கதையில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கலாம். காகிதம் தேதியைச் சொல்கிறது. எதற்குப் பயந்து, யாரைப் பறிகொடுத்து வந்தார்கள் என்பது ஆயாவின் வாய்மொழியில்தான் இருக்கிறது. தபால் கார்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், 1919க்குப் பிறகு கிராமத்திலிருந்து யாருமே கொள்ளுத் தாத்தாவின் அண்ணனைப் பற்றி விசாரிக்கவில்லை. அதற்கு முன்னால் கார்டுக்குக் கார்டு அண்ணன் சௌக்கியமா என்று இருக்கிறது. இரண்டு ஆதாரத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த மௌனம் கேட்கிறது.

புது முறை என்றதும் அப்படியே நம்பிவிடவும் கூடாது. 2019 செப்டம்பரில் கீழடி அறிக்கை வந்தபோது எங்கள் வாட்ஸப் குரூப்பில் என்ன கொண்டாட்டம்! எனக்கும் சந்தோஷம்தான், கண் கலங்கியது உண்மை. ஆனால் கரித்துண்டைச் சோதித்தால் கரித்துண்டின் காலம் தெரியும். கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று அது சொல்கிறது. அந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன பேசினார்கள் என்று கரி சொல்லாது. அதற்கு எழுத்துப் பொறித்த ஓடு வேண்டும், அந்த ஓடு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற கணக்கு வேண்டும், எல்லாவற்றையும் வைத்து நிபுணர்கள் சண்டை போட வேண்டும். நாம் அதற்குள் பத்தாயிரம் வருஷம் என்று பார்வர்ட் பண்ணிவிடுகிறோம். இங்கே எச்சிலைத் துப்பி அனுப்பினால் பரம்பரை சொல்கிற டி.என்.ஏ. டப்பா விற்கிறார்கள் அல்லவா, அதுவும் அப்படித்தான். சதவீதக் கணக்கு கொடுக்கும். பஸ்ரா தாத்தா ஏன் கிராமத்துக்குத் திரும்பிப் போகவில்லை என்று அது சொல்லாது.

*

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

பெங்களூரில் கல்வெட்டு என்று பேச்செடுத்தால் அடுத்த நிமிஷம் "யார் முதலில் வந்தது?" என்ற சண்டை ஆரம்பித்துவிடும். நம்மவர்கள் தொம்மலூர்க் கல்லைக் காட்டி, பார்த்தாயா, எண்ணூறு வருஷம் முன்னாலேயே இங்கே தமிழ் என்பார்கள். அவர்கள் பேகூரையும் ஹெப்பாளையும் காட்டி, அதற்கும் முன்னாலேயே கன்னடம் என்பார்கள். கல்லைப் பட்டா மாதிரி ஆட்டுகிறார்கள், இரண்டு பக்கமும்.

கல்லைப் படித்தால் கதையே வேறு. 13ஆம் நூற்றாண்டில் தொம்மலூர்ப் பக்கம் ஆண்ட வீர ராமநாதன் ஹொய்சள மன்னன். கன்னட தேசத்து வம்சம். அவன் தலைநகரோ நம்ம சமயபுரம் பக்கத்துக் கண்ணனூர். கன்னட வம்சத்து ராஜா, திருச்சிப் பக்கம் தலைநகர், பெங்களூரில் தமிழ்க் கல்வெட்டு. இதில் எந்தப் பக்கத்து வாதம் நிற்கும்? அந்தக் காலத்து ஆட்களுக்கு இன்றைய பார்டர் தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொம்மலூரில் நிலம் எழுதி வைத்தவர்களுக்கும் எனக்கும் என்ன சொந்தம்? ஒன்றும் இல்லை. நாங்கள் பட்டாளத்தோடும் ரயிலோடும் வந்தவர்கள். கூலிக்கு வந்தோம், வாடகைக்கு இருந்தோம், இந்த ஊரைக் கட்டியதில் எங்கள் கையும் உண்டு. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. சோழனைத் துணைக்குக் கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். எனக்குப் பத்து வயசு. ஆயா சுவரில் மாட்டியிருந்த தமிழ்க் காலண்டரைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். இரண்டு ராத்திரி எங்களைப் பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜி தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டாள். வாசலில் அவளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கலவரம் பற்றி எழுதியதில் எத்தனை கடை எரிந்தது, எத்தனை பேர் ஊரை விட்டு ஓடினார்கள் என்றெல்லாம் இருக்கும். அஜ்ஜியின் நாற்காலி எதிலும் இருக்காது. அந்த வருஷம் அல்சூரில் வைத்த வள்ளுவர் சிலையைத் திறக்க 2009 ஆனது. பதினெட்டு வருஷம் மூடியே கிடந்தது. பதிலுக்குச் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். எங்கள் காக்ஸ் டவுன் இருக்கும் சட்டமன்றத் தொகுதியின் பெயரே இன்றைக்குச் சர்வக்ஞநகர்தான். 2016 செப்டம்பரில் மறுபடியும் பஸ் எரிந்தபோது அஜ்ஜி உயிரோடு இல்லை. இந்த இரண்டு ராத்திரிக் கதையை நான் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்?

என் கருத்து இதுதான். எண்ணூறு வருஷக் கல்லுக்கு மார் தட்டுகிறோம், எண்பது வருஷக் காகிதத்தைக் கிலோ கணக்கில் எடைக்குப் போடுகிறோம். கல்லைப் பார்த்துக்கொள்ள இப்போது ஆள் இருக்கிறது, ஸ்கேனர் இருக்கிறது. காகிதத்துக்கு நம்மை விட்டால் ஆள் கிடையாது. அதுவும் நம்மை மாதிரி ஊரை விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு இது இரண்டு மடங்கு உண்மை. நம் தாத்தாக்கள் ஒரு தடவை இடம் மாறினார்கள், நாம் இன்னொரு தடவை. ஒவ்வொரு மாறுதலிலும் ஒரு பெட்டி தொலைகிறது.

செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த ஜனம், 2005இல் ‘நூலகம்’ என்ற மின்நூலகத்தைத் தன்னார்வலர்களை வைத்தே தொடங்கியது. புத்தகம் மட்டுமில்லை, துண்டுப் பிரசுரம், கோயில் மலர், நினைவு மலர் என்று எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். கலிபோர்னியாவில் 2010இல் தொடங்கிய பிரிவினை ஆவணக் காப்பகம், 1947ஐ நேரில் பார்த்தவர்களின் பேச்சைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்.

நமக்கு அவ்வளவு பெரிய காரியமெல்லாம் வேண்டாம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு நாள் ஒதுக்குங்கள். போட்டோவின் பின்பக்கம் மெல்லிய பென்சிலில் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். காகிதங்களை போனிலேயே படம் எடுங்கள், ஆனால் ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீர்கள். பெரியவர்களைப் பேச வைத்து ரெக்கார்ட் பண்ணுங்கள். "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு ஆயா?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். தண்ணீர் எங்கே பிடித்தீர்கள், வாடகை எவ்வளவு, அடுப்புக்கு எது எரித்தீர்கள், முதல் சண்டை யாரோடு என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் நிற்காது. யார் பேசியது, என்றைக்கு, எங்கே என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னதை வெளியே போடாதீர்கள். குடும்பத்துக்கும் மானம் மரியாதை உண்டு.

*

இங்கே திரும்பி வந்ததும் தங்கமணி டைனிங் டேபிள் முழுக்கக் காகிதத்தைப் பார்த்து முதலில் முறைத்தாள். அப்புறம் அவளே உட்கார்ந்து மொய் நோட்டைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். 1952இல் எங்கள் தாத்தா கல்யாணத்துக்கு இரண்டு ரூபாய் வைத்தவர்களில் நாலு கன்னடப் பெயர், மூன்று முஸ்லிம் பெயர், ஒரு ஆங்கிலோ இந்தியப் பெயர். பெண்ணுக்கு எட்டு வயசாகிறது. அவள்தான் போட்டோக்களுக்கு நம்பர் போட்டாள்.

ஏழாம் நம்பர் போட்டோவில் தாத்தா இளைஞராக நிற்கிறார். பக்கத்தில் ஒரு பெண், கையில் குழந்தை. அது ஆயா இல்லை. சிரிக்கிறாள். பின்பக்கம் வெறுமை. அம்மாவைக் கேட்டேன், தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. "பெரிய அத்தைக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். பெரிய அத்தை போன வருஷம் ஆகஸ்டில் போய்விட்டார். ஒருவேளை லாரியில் போன சாக்கில் ஏதாவது இருந்திருக்கலாம்.

"யாருப்பா இது?" என்று பெண் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஏழு என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.

இதைப் படித்து முடித்ததும் வேறு வேலை பார்க்காமல் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். பரணில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பேப்பர்காரரை ஒரு மாசம் கழித்து வரச் சொல்லுங்கள்.

டிஸ்கி: சின்ன சித்தப்பாவிடம் அனுமதி வாங்கித்தான் இதை எழுதினேன். "எழுதுடா, ஆனா டிரங்குப் பொட்டிக்கு நல்ல வெல வாங்கினதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன் சித்தப்பா.